க்யூவில் ஒரு விடுமுறை

திருவனந்தபுரத்தில் டிசம்பர் என்றால் உலக சினிமா. ஜனவரி என்றால் புத்தகம். எல்லை தாண்டிப் போகும் தமிழர்களுக்குத் திரை சுலபமாகத் திறக்கிறது. ஏடுதான் முரண்டு பிடிக்கிறது.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் காலை ஒன்பது மணிக்குத் தம்பானூர் பக்கம் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு வரிசையை. ரேஷன் கடைக்கோ மதுக்கடைக்கோ அல்ல. கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று அரசுத் தியேட்டர்களின் வாசலிலிருந்து தொடங்கும் அந்த க்யூவில் கல்லூரி மாணவிகள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், தாடி வைத்த உதவி இயக்குநர்கள், லீவு போட்டுவிட்டு வந்த அரசு ஊழியர்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் துணிப்பை, கையில் மடித்து மடித்து நைந்துபோன நிகழ்ச்சி நிரல். உள்ளே ஓடப்போவது மோகன்லால் படமல்ல. பிரேசிலோ ஈரானோ ஜார்ஜியாவோ அனுப்பிய, பெயர் கூட வாயில் நுழையாத ஒரு படம்.

1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா இந்நகரின் விடுமுறைக் காலத்தையே மாற்றி அமைத்துவிட்டது. பள்ளிகளுக்கு இரண்டாம் பருவத் தேர்வு, பிறகு பத்து நாள் கிறிஸ்துமஸ் லீவு என்று கேலண்டர் சொன்னாலும், பெரியவர்களின் விடுமுறை விழா தொடங்கும் வெள்ளிக்கிழமையே ஆரம்பமாகிவிடுகிறது. எட்டு நாட்கள், பதினைந்து அரங்குகள், 170க்கும் மேற்பட்ட படங்கள். 2024இல் இதற்கெல்லாம் சேர்த்து நுழைவுக் கட்டணம் வரியுடன் 1,180 ரூபாய். மாணவர்களுக்கு அதில் பாதி. ஒரு மல்டிபிளெக்ஸில் நான்கு பேர் கொண்ட குடும்பம் பாப்கார்னோடு ஒரு படம் பார்க்கும் செலவு இது. மலிவு என்பதால்தான் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2018இல் பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு கைவிரித்தபோது கட்டணத்தை 2,000 ரூபாயாக உயர்த்தித்தான் விழாவை நடத்தினார்கள். முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டி வந்தார்கள்.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து, நாலு படம் பார்த்துவிட்டு, இரவு வண்டியில் ஊர் திரும்பும் தமிழ் ரசிகர்கள் விழாவுக்கு விழா உண்டு. சுமார் எழுபது கிலோமீட்டர் தூரம். 1956 நவம்பர் 1 வரை இவர்களின் தாத்தாக்களுக்கு இதுதான் தலைநகரம். 1979இல் ரயில் பாதை வந்த பிறகு கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கிம் கி டுக்குக்காகப் போகிறார்கள். அந்தக் கொரிய இயக்குநர் 2013இல் விருந்தினராக வந்தபோது தெருவில் அவரை மொய்த்த கூட்டத்தைக் கண்டு அவரே மிரண்டார். 2020 டிசம்பரில் கோவிட்டில் அவர் இறந்தபோது, சொந்த ஊர்க்காரர் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல இந்நகரம் பேசியது.

இந்தப் பைத்தியம் ஒரே நாளில் பிடித்ததல்ல. புனே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வந்த அடூர் கோபாலகிருஷ்ணன் 1965இல் நண்பர்களோடு இங்கே சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் ஃபிலிம் சொசைட்டி அது. பிறகு ஊருக்கு ஊர் அப்படிச் சங்கங்கள் முளைத்தன. பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைக் கட்டி ஐசன்ஸ்டீனைக் காட்டிய தலைமுறை அது. அடூரின் முதல் படமான 'ஸ்வயம்வரம்' (1972) இந்தச் சங்கத்தின் கூட்டுறவு அமைப்பு எடுத்ததுதான். அரசும் பின்தங்கவில்லை. 1975இல் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 1998இல் சலச்சித்திர அகாடமி. 1988இலும் 1997இலும் இந்தியாவின் சர்வதேசத் திரைப்பட விழா ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் இங்கேயும் வந்து போனது. நூலகங்களின் கதையும் இதுவே. பி. என். பணிக்கர் 1945இல் கிராம வாசகசாலைகளை ஒரு சங்கமாகக் கட்டினார். அதே ஆண்டில் எழுத்தாளர்கள் கோட்டயத்தில் தங்களுக்கென்று கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள். பொழுதுபோக்கை ஒரு பொதுக் காரியமாக நடத்திப் பழகிய ஊர் இது. தமிழ்நாட்டில் அதை முதலாளிகளிடம் விட்டுவிட்டோம். பிறகு டிக்கெட் விலை பற்றிப் புலம்புகிறோம்.

படங்களுக்கு இடையே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் ஓடும் இடம் ஒன்று உண்டு. பஸ் நிலையத்துக்கு அருகே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். சிவப்புச் செங்கல்லில் சுருள் சுருளாக ஏறும் கட்டடம். தரை சமமாக இருக்காது, ஏறிக்கொண்டே போகும். விசிறித் தலைப்பாகை வைத்த பரிமாறுபவர்கள், பீட்ரூட் நிறத்தில் கட்லெட், ஒரு காபி. இதுவும் தொழிலாளர் கூட்டுறவுதான். கிளைமாக்ஸ் பற்றிய சண்டைகள் இங்கே ஒவ்வொரு மேஜையாக மேலேறுகின்றன.

2024ஆம் ஆண்டின் 29ஆவது விழா அப்படிச் சண்டை போட நிறையக் கொடுத்தது. பிரேசிலின் சர்வாதிகாரக் காலத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிய வால்டர் சாலஸின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' தொடக்கப் படம். தங்கச் செம்போத்தான சுவர்ண சகோரமும் பிரேசிலுக்கே போனது, பெத்ரோ ஃப்ரெய்ரேயின் 'மாலு'வுக்கு. கேன் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய பாயல் கபாடியாவைக் கௌரவித்தார்கள். அவருடைய 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸுகளின் கதை. பெரும்பகுதி மலையாளத்தில் பேசும் படம். நகரத்தில் மூச்சு முட்டும் மூன்று பெண்கள் கடலோர ஊர் ஒன்றுக்குப் போன பிறகுதான் வாய்விட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். விடுமுறை என்பது ஏழைக்கு என்ன என்று இதைவிட மென்மையாகச் சொன்ன படம் சமீபத்தில் இல்லை.

ஆனால் ரசிகர்கள் தங்கள் ஓட்டைப் போட்டது இன்னொரு படத்துக்கு: ஃபாசில் முகம்மதுவின் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'. பொன்னானியில் ஒரு வீட்டுப் பெண்; குழந்தை ஈரமாக்கிய மெத்தையைக் கணவன் தூக்கிப் போடச் சொல்கிறான்; அவளுக்கு வேறு மெத்தை வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒரு மெத்தைக்காக அவள் நடத்தும் போரைப் பார்த்து அரங்கம் சிரித்தது. சிரித்த பெண்கள் எல்லோரும் வேடிக்கைக்காகச் சிரித்ததாகத் தெரியவில்லை. 2025 அக்டோபரில் தியேட்டர்களுக்கு வந்த இந்தப் படத்துக்காக நாயகி ஷம்லா ஹம்ஸாவுக்கு மாநில விருதும் கிடைத்தது.

தமிழர்கள் தனிக் கவனத்தோடு நினைவில் வைத்திருப்பது 2022 டிசம்பரை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' டாகூர் தியேட்டரில் முதல் முறையாகத் திரையிடப்பட்டபோது, முன்பதிவு செய்தும் உள்ளே போக முடியாதவர்கள் கூச்சல் போட்டு, போலீஸ் வந்து, வழக்கும் பதிவானது. ஒரு கலைப்படத்துக்கு இடம் கேட்டு நடந்த தகராறு என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கலாம். வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் ஒரு மலையாளி நாடகக்காரர் (மம்மூட்டி) பஸ்ஸில் தூங்கி விழிக்கிறார். நடுவழியில் இறங்கி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போய், காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். அந்த வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், அந்த ஊர்த் தமிழ் பேசுகிறார். பின்னணியில் எங்கோ ஓடும் டிவியிலிருந்து பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தலைப்பே தமிழ். பாதிப் படம் தமிழ். ஒரு மொழிக்காரன் தூங்கி இன்னொரு மொழிக்காரனாக எழுவது இந்த ஊர்க்காரர்களுக்குக் கற்பனையாகவே படவில்லை. பார்வையாளர் விருது அதற்குத்தான் கிடைத்தது.

விழா முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் ரிலீஸ்கள். 1993 கிறிஸ்துமஸுக்கு வந்த 'மணிச்சித்ரதாழ்' முப்பது வருடம் கழித்து 2024 ஆகஸ்டில் புது மெருகோடு மறுபடி வெளியானபோதும் தியேட்டர்கள் நிரம்பின. தஞ்சாவூரிலிருந்து வந்த ஆட்டக்காரி நாகவல்லி ஒரு மலையாளி மனைவியின் உடம்பில் புகுந்து தமிழ் பேசும் படம் அது. 'சந்திரமுகி'யாக நமக்குத் திரும்பி வந்தது. 2013 டிசம்பரின் 'திருஷ்யம்' 'பாபநாச'மாக வந்தது. குடும்பத்தோடு பார்ப்பது என்ற டிசம்பர் மரபை 2024 கிறிஸ்துமஸ் 'மார்க்கோ' உடைத்தது: பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு, பார்க்கச் சகிக்காத அளவு ரத்தம், அமோக வசூல். வாரம் முழுக்க உலக சினிமாவை அலசிய அதே ஊரில்தான். ரசனையைப் பற்றி இந்நகரம் அதிகம் பெருமைப்பட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அந்த கிறிஸ்துமஸ் இரவில்தான் கோழிக்கோட்டிலிருந்து செய்தி வந்தது. எம்.டி. வாசுதேவன் நாயர் இறந்துவிட்டார்.

அரசு இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. நட்சத்திர விளக்குகள் எரிந்துகொண்டிருந்த வீடுகளில் டிவி முழுவதும் அவர் முகம். எழுத்தாளர் ஒருவருக்காக ஒரு மாநிலம் பண்டிகையை நடுவில் நிறுத்தியதைத் தமிழர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தார்கள். நாவலும் சினிமாவும் வேறு வேறு தீவுகள் அல்ல என்று மலையாளிகளுக்குப் பழக்கியவர்களில் முதல் ஆள் அவர். 'நாலுகெட்டு' (1958) எழுதியவரே 'நிர்மால்யம்' (1973) படத்தை எடுத்தார். அது அந்த வருடத்தின் சிறந்த இந்தியப் படம். பீமனின் கண் வழியே மகாபாரதத்தைச் சொல்லும் 'இரண்டாமூழம்' 1984இல் வந்தது. தமிழில் குறிஞ்சிவேலன் 'இரண்டாம் இட'மாக மொழிபெயர்த்தார். பண்டிகைக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பதுபோல அந்த வாரம் எம்.டி. புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவர்கள் பலர்.

பத்து நாளில், 2025 ஜனவரி 4 முதல் 8 வரை, மாநிலப் பள்ளிக் கலைவிழா இதே நகரில் நடந்தது. அதன் பிரதான மேடைக்கு 'எம்.டி. நிளா' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நுழைவுச் சீட்டே இல்லாத கொண்டாட்டம் இது. ஒப்பனையோடு ஆட்டோவில் பறக்கும் கதகளிக் குழந்தைகளைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பாலக்காட்டை முந்தித் திருச்சூர் தங்கக் கோப்பையை எடுத்துப் போனது. போட்டிகளில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் ஒன்று என்பது வெளியே பலருக்குத் தெரியாது. இருளர், பளியர், மலைப்புலையர் ஆட்டங்களும் முதல் முறையாக அந்த வருடம் போட்டியில் சேர்க்கப்பட்டன. பளியர்களும் இருளர்களும் எல்லைக்கு இந்தப் பக்கமும் வாழ்கிறார்கள்; இங்கே எந்தப் பள்ளி மேடையில் அவர்களுக்கு இடம் என்று யாராவது கேட்கலாம்.

கலைவிழா முடியுமுன்பே, ஜனவரி 7ஆம் தேதி, சட்டசபை வளாகத்தில் புத்தக விழா. 2023 ஜனவரியில் சட்டசபை நூலகத்தின் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், வழக்கமாக பாஸும் சோதனையும் இல்லாமல் நுழைய முடியாத இடத்துக்குள் பொதுமக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறார்கள். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' அங்கே நல்ல உதாரணம். 2008இல் வெளிவந்து நூறு பதிப்புகளைத் தாண்டிய நாவல். 2024 மார்ச்சில் ப்ளெஸ்ஸியின் படம் வந்த பிறகு, படம் பார்த்தவன் புத்தகத்தையும் புத்தகம் படித்தவன் படத்தையும் தேடிப்போனான். 9ஆம் தேதி பாடகர் பி. ஜெயச்சந்திரன் திருச்சூரில் இறந்தார். 'வைதேகி காத்திருந்தா'ளில் அவர் பாடியதைத் தமிழர்களும், பழைய மலையாளப் பாட்டுகளை மலையாளிகளும் அன்று இரவு முழுக்கக் கேட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும். கண் எழுத்தைத் தொடும் இடத்தில்தான் சிக்கல்.

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் கோட்டையைச் சுற்றியும் தமிழ் கேட்காத நாள் இல்லை. ரஜினி படமோ விஜய் படமோ வந்தால் மலையாளிகளும் சேர்ந்து பாலாபிஷேகம் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தமிழ் வீடுகளில் இன்றைய பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி. 2017 சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். வாழும் ஊரின் மொழியைப் படிப்பதில் தவறு சொல்ல முடியாது. போகிற போக்கில் தமிழ் எழுத்து நழுவிவிடுகிறது, அவ்வளவுதான். பாட்டியின் ராமாயணப் புத்தகம் அலமாரியில் இருக்கும். பேரனுக்கு அது படம் போட்ட பழைய காகிதம்.

இதில் வேடிக்கை, இந்நகரத்தைத் தமிழ் நாவலாசிரியர்கள் எழுதிய அளவுக்குத் தமிழ்நாட்டின் எத்தனையோ நகரங்களை எழுதியதில்லை. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் இங்கேயே வாழ்ந்து 2007இல் மறைந்தார். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' இந்த ஊரின் கோயிலையும் தெருக்களையும் அனந்தன் நாயர் என்ற மனிதரோடு சேர்த்துச் சுற்றிக் காட்டுகிறது. ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை வைத்து, கடைத்தெருக் கதைகள் எழுதி, மலையாட்டூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி'யைத் தமிழாக்கி, 2015இல் சாகித்ய அகாடமி விருது வாங்கி, 2021 ஜனவரியில் காலமானார். அவர் எழுதிய அதே தெருவில் மூட்டை இறக்குகிறவரின் மகளுக்கு 'கிருஷ்ணப் பருந்'தைப் படித்துக் காட்ட இன்னொரு ஆள் வேண்டும். பாளையத்தில் 1829இல் தொடங்கிய அரசு மத்திய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்றான அதில் தமிழ் எடுத்துப் படிப்பவர்களின் தலை பெரும்பாலும் நரைத்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களும் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. 2025 ஜனவரியில் சட்டசபை வளாகத்தில் புத்தக விழா நடந்தபோது சென்னை நந்தனத்தில் 48ஆவது புத்தகக் காட்சி. இரண்டும் ஒரே வாரம். வருமானத்தைப் பார்க்கும் எந்தப் பதிப்பாளர் சென்னையை விட்டுவிட்டு இங்கே வருவார்?

ஆகவே எல்லையில் ஏடு கடப்பது மொழிபெயர்ப்பாளர்களின் தோளில்தான். சுந்தர ராமசாமி 'செம்மீ'னையும் 'தோட்டியின் மக'னையும் கொண்டுவந்தார். குளச்சல் மு. யூசுஃப் 'திருடன் மணியன்பிள்ளை'க்காக 2018இல் அகாடமி பரிசு பெற்றார். பலரும் குமரி மாவட்டத்துக்காரர்களாகவோ திருவனந்தபுரத்தவர்களாகவோ இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிப் பாதையாக இருப்பதுதான். மலையாளத்திலிருந்து நமக்கு வரும் வேகத்தில் நம் நாவல்கள் அங்கே போவதில்லை.

சினிமாவுக்கு இந்தத் தடை எதுவுமில்லை என்பதற்கு 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' சாட்சி. விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்து குணா குகையில் விழுந்த கொச்சி இளைஞனின் உண்மைக் கதை, டப்பிங் இல்லாமலே தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. இன்னும் பெரிய சாட்சி 2025 ஓணத்துக்கு வந்த 'லோகா'. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்த யட்சி வேறு யாருமல்ல, கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிறது கள்ளியங்காடு. குமரிக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட நீலி, மலையாளத்தின் மிகப் பெரிய வசூல் படமாகித் தமிழ்நாட்டுத் தியேட்டருக்குத் திரும்பி வந்தாள். படம் பார்த்த பிள்ளைகள் நீலி யார் என்று கேட்டபோது, கையில் கொடுக்கத் தமிழ்ப் புத்தகம் தேடிய பெற்றோர்கள் திண்டாடினார்கள்.

2025 டிசம்பரில் 30ஆவது விழா. இந்த முறை க்யூவில் கோஷமும் இருந்தது. தணிக்கை விலக்கு தரவேண்டிய மத்திய அரசு 19 படங்களை நிறுத்திவைத்தது. அவற்றில் ஒன்று 1925இல் எடுத்த 'பேட்டில்ஷிப் போட்டெம்கின்'. வேட்டித் திரையில் ஒரு தலைமுறையே பார்த்த படம், நூறாவது வயதில் மறுபடி அனுமதிக்காக வாசலில் நின்றது. பிரதிநிதிகள் தியேட்டர் முன் கூடிக் குரல் கொடுத்தார்கள். மாநில அரசு சண்டைக்கு நின்றது. பல படங்களுக்கு அனுமதி வந்து சேர்ந்தது. விழாவின் சின்னமான தோல்பாவை இலங்காலட்சுமி எல்லாவற்றையும் பேனரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக் கோயில் கூத்துமாடங்களில் அவளை ஆட்டும் புலவர்கள் இன்றும் பாடுவது கம்பனின் தமிழ். பல தலைமுறைகளாக அதை அவர்கள் எழுதி வைத்திருப்பது மலையாள எழுத்தில்.